டேப்லெட்டில் வரையப் பழகுவோருக்கு: கோலம், கல், கண்டாங்கி, வளவு

டேப்லெட் வாங்கி, ஓவியச் செயலியை இறக்கி, வெள்ளைத் திரையைத் திறந்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. எதை வரைவது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் வீடியோவைப் பார்த்துச் சூரிய அஸ்தமனமும் தென்னைமரமும் போட்டுப் பார்க்கிறார்கள். படம் வந்துவிடும். ஆனால் தனக்குக் கோடு வருமா, நிறம் வருமா, எது இயல்பாகக் கைக்கு வருகிறது என்பது அதில் தெரியவே தெரியாது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் விஷயத்தைத் தேடி அலைய வேண்டாம். வாசல் கோலம் கோட்டைச் சோதிக்கும். ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமென்ட் தரைக்கல்) வடிவத்தைச் சோதிக்கும். கண்டாங்கிச் சேலை நிறத்தைச் சோதிக்கும். வீட்டு வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும்) ஆழத்தையும் வெளிச்சத்தையும் சோதிக்கும். இவை நான்கும் வெவ்வேறு திறமைகள். ஒரே ஆளுக்கு நான்கும் ஒன்றுபோல வருவது அபூர்வம். நான்கையும் ஒருமுறை முடித்துப் பார்த்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். செயலியில் உள்ள முக்கியமான கருவிகள் எல்லாம் போகிற போக்கில் பழகியும் விடும்.

கருவியும் பேனாவும்

திரை 10 அங்குலமாவது இருக்கட்டும். 8 அங்குலத்தில் வரையலாம், ஆனால் மெனு பாதி இடத்தைத் தின்றுவிடும். ரேம் 4 ஜிபி இருந்தால் தொடங்கலாம், 6 அல்லது 8 இருந்தால் நிம்மதி.

டேப்லெட்டைவிடப் பேனாவைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா விரலுக்குப் பதிலாக நிற்குமே தவிர, அழுத்தத்தை உணராது. அழுத்தினால் கோடு தடிக்க வேண்டும், தூக்கினால் மெலிய வேண்டும். அதற்கு அழுத்தம் உணரும் பேனா வேண்டும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்றவற்றில் எஸ் பென் பெட்டியிலேயே வரும், அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. ஐபேட் வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஆப்பிள் பென்சில்களில் விலை குறைந்த யுஎஸ்பி-சி மாடலுக்கு அழுத்த உணர்வு கிடையாது. எழுதுவதற்கு அது போதும், ஓவியத்துக்குப் போதாது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, ப்ரோ ஆகிய மூன்றிலும் அழுத்த உணர்வு உண்டு. எது உங்கள் ஐபேடோடு சேரும் என்று பார்த்து வாங்குங்கள், எல்லாம் எல்லாவற்றோடும் சேராது.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். திரைமேல் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். நல்ல பேனாவில் கோடு நேராக வரும். மட்டமானதில் படிப்படியாக நெளியும். அந்த நெளிவை எந்தச் செட்டிங்கும் முழுதாகச் சரிசெய்யாது.

வீட்டுக்கு வந்தபின் கோடு நடுங்கினால் உடனே பேனாவைக் குறை சொல்லிவிடாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது வரைந்தால், சார்ஜர் மட்டமாக இருந்தால் கோடு நடுங்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். திரையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கோடு வளைகிறது என்றால், பின்னால் மடிந்திருக்கும் உறையின் காந்தமாக இருக்கலாம். எஸ் பென் போன்ற பேனாக்கள் காந்தத்துக்கு அருகில் தடுமாறும். உறையைக் கழற்றினால் சரியாகிவிடும்.

நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். வியர்த்த கை திரையில் வழுக்காது, ஒட்டி ஒட்டி நகரும், கோடும் அப்படியே வரும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் கையுறை கிடைக்கிறது. பழைய பருத்திக் கையுறையில் மற்ற மூன்று விரல்களையும் வெட்டி எடுத்தாலும் அதே வேலைதான்.

எந்தச் செயலி

ஐபேட் என்றால் புரோகிரியேட். ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் ஐபிஸ்பெயிண்ட் எக்ஸில் தொடங்குங்கள். இலவசம், நடுநடுவே விளம்பரம் வரும், சில பிரஷ்களுக்கு விளம்பரம் பார்த்தாக வேண்டும், ஆனால் கோலத்துக்கு வேண்டிய சமச்சீர் ரூலர்கள் எல்லாம் உண்டு. ஐபேடிலும் கிடைக்கும். கிரிட்டா முற்றிலும் இலவசம், விளம்பரமே இல்லை, மிகுந்த வசதிகள் கொண்டது. ஆனால் கணினிக்கென்று செய்த மெனுவை அப்படியே டேப்லெட்டில் வைத்திருக்கிறார்கள், பொத்தான்கள் பொடியாக இருக்கும், ஐபேடில் கிடையாது. இரண்டாவது செயலியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் நான்கைந்து செயலிகளை இறக்கிப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. ஒன்றில் கை பழகினால் மற்றதில் மெனுவின் இடம்தான் மாறும். கீழே சொல்வதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மேற்சொன்ன மூன்றிலும் செய்யலாம்.

முதல் நாளே மூன்று செட்டிங்குகளைப் பார்த்துவிடுங்கள். விரலால் வரைவதை நிறுத்தி, பேனா மட்டும் வரையும்படி வையுங்கள். உள்ளங்கை பட்டுப் புள்ளி விழுவது நின்றுவிடும். கோட்டை நிதானப்படுத்தும் ஸ்டெபிலைசர், புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கட்டும். முழுதாக ஏற்றினால் கோடு அழகாக வரும், ஆனால் பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், முனைகள் மழுங்கும். இரு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கடைசிக் கோடு அழிகிறதா, மூன்று விரலால் தட்டினால் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ் அளவு

கேன்வாஸ் அளவை, அதாவது வரையும் பரப்பின் அளவை, தவறாக வைப்பதுதான் பின்னால் அதிகம் அழவைப்பது. அச்சில் எடுக்க அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 8 அங்குலச் சதுரம் என்றால் 2400க்கு 2400. ஏ4 என்றால் 2480க்கு 3508. திரையில் பார்க்க மட்டும் என்று 1000 பிக்சலில் வரைந்துவிட்டு, பிறகு பிரேம் போட ஆசைப்பட்டால் பெரிதாக்கும்போது ஓரமெல்லாம் கலங்கிவிடும்.

அதற்காக ஏ2, ஏ1 என்று போகவும் வேண்டாம். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், ஏ4 அளவில் ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் போன்ற படத்தளம்) கிட்டத்தட்ட 35 எம்பி பிடிக்கும், ஏ3 அதைப்போல இரண்டு மடங்கு. 4 ஜிபி ரேமில் பெரும்பகுதி ஆண்ட்ராய்டுக்கே போய்விடும். ஏ3இல் 20 லேயர் போட்டால் கோடு பேனாவுக்குப் பின்னால் அரை நொடி கழித்து வரும், செயலி திடீரென்று மூடிக்கொள்ளும். இந்தக் கட்டுரையின் முதல் மூன்று பயிற்சிகளுக்கும் 2400க்கு 2400, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று வைத்துக்கொண்டால் போதும்.

கோடு: புள்ளிக் கோலம்

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது என்று நினைக்க வேண்டாம். தரையில் மாவு விரலிலிருந்து விழுகிறது, கை முழங்கையிலிருந்து நகர்கிறது. திரையில் பலரும் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் அசைக்கிறார்கள். நெளிகள் கோணலாவது அதனால்தான். கையை லேசாக வைத்து, முழங்கையிலிருந்து இழுங்கள். வரையும்போது பெரிதாக்கியும் பார்க்காதீர்கள். பெரிதாக்கினால் ஒரு வளைவை மூன்று துண்டாகப் போட நேரும், ஒட்டுகள் தெரியும்.

ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் நிற்கும் ஊடுபுள்ளியை (ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளில் விழுவது) எடுத்துக்கொள்வோம். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. இது அறுகோணம். புள்ளிக்குப் புள்ளி 240 பிக்சல் என்றால், வரிசைக்கு வரிசை 208 பிக்சல் இருக்க வேண்டும். (இடைவெளியை 0.866ஆல் பெருக்குங்கள்.) இரண்டையும் 240 என்றே வைத்தால் கோலம் மேலும் கீழும் நீண்டுவிடும், ஆறு பக்கமும் ஒன்றுபோல வராது. நடுப்புள்ளி கேன்வாஸின் சரியான மையத்தில் விழட்டும்: 1200, 1200.

புள்ளிகளைத் தனி லேயரில் வைத்து, அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். பிறகு சமச்சீர்க் கருவி: ஒரு பிரிவில் போடும் கோட்டை மற்றப் பிரிவுகளிலும் கண்ணாடி பிம்பமாகப் போட்டுத் தரும். புரோகிரியேட்டில் டிராயிங் கைடில் சிமெட்ரி, ஐபிஸ்பெயிண்டில் சமச்சீர் ரூலர்களில் கெலைடாஸ்கோப், கிரிட்டாவில் மல்டிபிரஷ். ஊடுபுள்ளிக்கு ஆறு பிரிவு. புரோகிரியேட்டின் ரேடியல் எட்டுப் பிரிவு கொண்டது, அதில் ஆறு கிடைக்காது; அங்கே 5க்கு 5 நேர்ப்புள்ளி எடுத்து நான்கு பிரிவில் போடுங்கள்.

கோடு கண்ணாடிப் பிரிவின் எல்லையில் வந்து முட்டும் இடத்தில்தான் தவறு நடக்கும். எல்லையோடு செங்குத்தாக முட்டினால் மறுபக்கக் கோட்டோடு வழுவழுவென்று சேரும். சாய்வாக வந்து நின்றால் அங்கே ஒரு முனை கூராக நீட்டிக்கொண்டிருக்கும். சாய்வாக வர வேண்டிய இடமென்றால் நிற்காமல் எல்லையைத் தாண்டிப் போங்கள், இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டி நல்ல சிக்காகிவிடும்.

கோலம் முடிந்ததும் அதே புள்ளிகளை வைத்து, சமச்சீர்க் கருவியை அணைத்துவிட்டு, கையாலேயே இன்னொருமுறை போடுங்கள். அந்த இரண்டாவது கோலம்தான் உங்கள் கோட்டைக் காட்டும். முதலாவது செயலியின் கோலம்.

நகரத்தார் வீடுகளில் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் போடும் நடுவீட்டுக் கோலம் ஈரமாவுக் கோலம். அதைப் பழக விரும்பினால், பின்னணி காவி, பிரஷ் உருண்டையான கெட்டி ஓரம், அளவு 16 பிக்சல், அழுத்தத்துக்கு அளவு சற்றே மாறட்டும், ஒளிபுகும் தன்மை மாறவே கூடாது. அது மாறினால் கோடுகள் வெட்டும் இடமெல்லாம் வெளுத்த புள்ளியாகத் தெரியும். தூய வெள்ளை வேண்டாம். மிக லேசாக மஞ்சள் கலந்த வெள்ளைதான் அரிசிமாவின் நிறம்.

வடிவம்: ஆத்தங்குடிக் கல்

இந்தப் பயிற்சிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப்லெட் ஓவியத்தில் லேயர், நிறம் நிரப்புதல், திருப்புதல் மூன்றையும் இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பொருள் கிடைக்காது.

கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் எப்படி வரைவது என்பதும் விளங்கும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் உலோகத் தகட்டை வளைத்துச் செய்த பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே காய்ந்த சிமென்ட் மணல் தூவி, பிறகு ஈரக் கலவை இட்டு மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, கண்ணாடி நீங்கும்போது அது பட்ட முகம் பளபளக்கிறது. ஆகவே கல்லில் நிழல் கிடையாது, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவது கிடையாது. எல்லை போட்ட அறைகள், அறைக்கொரு நிறம். டேப்லெட்டில் நிறம் நிரப்பும் வாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இனி படிகள்.

1. 2400க்கு 2400 கேன்வாஸ். கட்டக் கோட்டை 1200 பிக்சலுக்கு வைத்தால் கேன்வாஸ் நான்கு சதுரமாகப் பிரியும். ஒட்டிக்கொள்ளும் வசதியை, அதாவது ஸ்னாப்பிங்கை, போட்டுவையுங்கள்.

2. இடது மேல் சதுரத்தில் மட்டும் வரையப் போகிறோம். பூவின் மையம் கேன்வாஸின் மையம், அதாவது இந்தச் சதுரத்தின் வலது கீழ் மூலை. முதலில் அடி லேயரில் 1200க்கு 1200 முழுவதும் ஒரு நிறத்தை நிரப்புங்கள். ஒரு பிக்சல் கூடக் குறையக் கூடாது, வெளியே வழியவும் கூடாது. திருப்பும்போது செயலி வண்ணம் பட்ட பகுதியின் எல்லையைத்தான் சதுரமாக எடுத்துக்கொள்ளும். அடி நிறம் முழுதாக இல்லாவிட்டால் திருப்பிய கல் இடம் மாறி உட்காரும்.

3. மேலே புதிய லேயர். கெட்டி ஓரப் பிரஷ், 12 பிக்சல், அழுத்த மாற்றம் அணைத்து. மூலைவிட்டத்தின்மேல் ஓர் இதழ், இருபுறமும் பாதி இதழ்கள். எதிர் மூலையில் ஒரு கால்வட்டம் போட்டால், கற்கள் சேரும்போது அங்கே இன்னொரு வட்டம் தானாகக் கிடைக்கும்.

4. ஓரத்தைச் சரிபாருங்கள். மையத்திலிருந்து 400 பிக்சல் தள்ளி ஒரு கோடு வலது ஓரத்தைத் தொட்டால், கீழ் ஓரத்திலும் மையத்திலிருந்து 400 பிக்சலில் ஒரு கோடு தொட வேண்டும். திருப்பி வைக்கும்போது இந்த இரண்டு ஓரங்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டும்.

5. கோட்டு லேயரை ரெஃபரன்ஸ் என்று, அதாவது வாளி எல்லை பார்க்க வேண்டிய லேயர் என்று, குறித்து, அதற்குக் கீழே இன்னொரு லேயரில் நிறத்தை ஊற்றுங்கள். வாளி செட்டிங்கில் விரிவாக்கம் 2 பிக்சல் இருந்தால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே வெள்ளை நூல் தெரியாது. அந்தச் செட்டிங் இல்லாத செயலியில் நிரப்பும் வரம்பைச் சற்று ஏற்றினாலும் போதும். நிறம் அறையை விட்டு வெளியே பாய்ந்தால் கோட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் இதழின் கூர்முனையில்தான் இருக்கும்.

6. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து மறைத்துவையுங்கள். சேர்த்த கல்லை மூன்று பிரதி எடுத்து, 90 பாகைப் பொத்தானால் ஒருமுறை, இருமுறை, மும்முறை திருப்பி, மற்ற மூன்று சதுரங்களில் உட்காரவையுங்கள். இரண்டு விரலால் சுழற்றினால் 89 பாகையில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, நான்கு கல் சேர்ந்ததும் தெரியும்.

திருப்பத்தான் வேண்டும், கண்ணாடி பிம்பமாகக் கவிழ்க்கக் கூடாது. தரையில் கல்லைச் சுற்றிப் பதிக்கலாம், குப்புறப் பதிக்க முடியாது. மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒன்றுபோல இருக்கும் பூவில் வித்தியாசம் வராது. சாய்ந்த கொடியோ சுழலும் இதழோ இருந்தால் வரும். இன்னொரு விஷயம்: கல்லின் முகம் கண்ணாடிப் பக்கம் கீழே பார்த்தபடி வார்க்கப்படுவதால், அச்சில் மேலிருந்து பார்ப்பது முகத்தின் வலம் இடம் மாறிய வடிவம். எழுத்தோ ஒரு பக்கம் பார்க்கும் பறவையோ உள்ள டிசைனைப் பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மயிர்க்கோடும் நிறச்சாயலும் அச்சில் வராது என்பதையும் மனத்தில் வைத்து வரையுங்கள்.

நிறங்களை ஐந்துக்குள் நிறுத்துங்கள். செயலியில் ஹெச்எஸ்பி என்ற மூன்று எண்கள் இருக்கும்: நிறம், செறிவு, ஒளிர்வு. காவிச் சிவப்புக்கு 10, 70, 55. கடுகு மஞ்சளுக்கு 42, 70, 80. கரும்பச்சைக்கு 140, 45, 40. வெள்ளைக்கு 45, 8, 94. கறுப்புக்கு 20, 15, 15. இவை தொடக்கத்துக்குத்தான். பிறகு ஒரு பழைய வீட்டுத் தரையைப் பார்த்து நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வரைபவர்களின் கல் பொம்மைபோல் தெரிவதற்குக் காரணம் செறிவு எண்ணை 100இல் வைப்பது.

நான்கு கற்களுக்கு நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால், எங்கோ அளவை மாற்றியிருக்கிறீர்கள். 1200இல் வரைந்ததை 1200ஆகவே வையுங்கள். சுருக்கியே ஆக வேண்டுமென்றால் 600, 300 என்று சரிபாதியாகச் சுருக்குங்கள், ஓரம் கலங்காது.

நிறம்: கண்டாங்கி

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டிப் பருத்தி, கட்டம் அல்லது கோடு, அகலமான கரை, அரக்கும் கடுகும் கறுப்பும் துணிந்து ஒன்றையொன்று முட்டும் நிறங்கள். நிறத்தைக் கற்க இதைவிடத் துணிச்சலான ஆசிரியர் இல்லை.

பாவு நூல் ஒரு லேயர், ஊடை நூல் இன்னொரு லேயர். கீழ் லேயரில் செங்குத்துப் பட்டைகள், மேல் லேயரில் கிடைமட்டப் பட்டைகள். மேல் லேயரின் ஒளிபுகும் தன்மையை 50 விழுக்காடாக்குங்கள். சாதா நெசவில் இரண்டு நூலும் சமமாக மேலே வருவதால் கண்ணுக்குத் தெரியும் கலவை பாதிக்குப் பாதிதான். பலர் மல்ட்டிப்ளை என்ற கலப்பு முறையைப் போடுகிறார்கள். அதில் வெட்டும் இடமெல்லாம் கறுத்துப்போய்ச் சேலை அழுக்காகத் தெரியும்.

இரண்டு லேயரிலும் ஒரே நிறம் வெட்டும் கட்டம் முழுச் செறிவோடு நிற்கும், வேறு நிறங்கள் வெட்டும் கட்டம் தணிந்து நிற்கும். அதைக் கண்ணால் பிடித்தபின், பட்டைகளை ஆல்ஃபா லாக் (வண்ணம் பட்ட இடத்தில் மட்டும் வரைய விடும் பூட்டு) செய்து ஒரே வரைபடத்தை ஆறு விதமான நிறச் சேர்க்கையில் மாற்றிப் பாருங்கள். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிதாக்கிப் பார்த்தால் எது நிற்கிறது, எது விழுகிறது என்று உடனே தெரியும். அந்தத் தீர்ப்பு தயங்காமல் வந்தால் உங்களுக்கு நிறக்கண் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆழமும் வெளிச்சமும்: வளவு

நான்கிலும் கடினம் இது. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டிய பயிற்சி. சொந்தக்காரர் வீடோ தெரிந்தவர் வீடோ இருந்தால் நல்லது. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் காவலுக்கு இருப்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆத்தங்குடி பெரிய வீடு போல் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் வீடுகளும் உண்டு.

முகப்பிலிருந்து பார்த்தால் வாசல் நிலை, வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்த வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். ஒற்றைப் புள்ளிப் பெர்ஸ்பெக்டிவுக்கு (உள்ளே போகும் கோடுகளெல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் சேரும் முறைக்கு) இதைவிடத் தெளிவான உதாரணம் தேடினாலும் கிடைக்காது. நடுவில் சம்மணமிட்டு உட்காருங்கள். ஏ4 கேன்வாஸைக் கிடைமட்டமாகத் திறந்து, பெர்ஸ்பெக்டிவ் கைடில் ஒரு புள்ளியை வையுங்கள். அது கடைசி வாசலின்மேல், உங்கள் கண்மட்டத்தில் விழ வேண்டும். சம்மணமிட்டவருக்குக் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி. புதியவர்கள் பழக்கத்தில் புள்ளியை வாசலின் நடு உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். தரை அளவுக்குமீறித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது தூண்கள். பர்மா தேக்குத் தூண்கள் சம இடைவெளியில் நிற்கின்றன, ஆனால் படத்தில் இடைவெளி உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் பார்த்து வைத்துவிடுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாம் தூணின் சரிபாதி உயரம் வழியாக, ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே போங்கள். தூண்களின் அடிகளைச் சேர்க்கும் கோட்டை அது வெட்டும் இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். இப்படியே இரண்டிலிருந்து மூன்று வழியாக நான்கு. தூணின் சரிபாதி என்பது, அடிக்கோட்டுக்கும் உச்சிக்கோட்டுக்கும் நடுவே.

கோடு முடிந்ததும் நிறத்துக்குத் தாவ வேண்டாம். மூன்று சாம்பல் தொனிகள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒளிர்வு 90, 55, 20. முற்றத்தில் விழும் வெயிலுக்கு 90, அதைச் சுற்றிய பத்திக்கு 55, உள்ளறை வாசல்களுக்கும் உத்தரத்தின் அடிக்கும் 20. வளவின் அழகு இந்த மூன்றின் மோதலில்தான் இருக்கிறது. மூன்று தொனியிலேயே அது வளவாகத் தெரியவில்லை என்றால், எத்தனை நிறம் போட்டாலும் தெரியாது.

வெயில் நிற்காமல் நகரும். முதல் பத்து நிமிடத்தில் நிழலின் வடிவத்தை மட்டும் ஒரு தனி லேயரில் வரைந்து பூட்டிவிடுங்கள், அரைமணி கழித்துத் தரையில் நிழல் எங்கே போயிருந்தாலும் அந்த லேயரையே நம்புங்கள். பாதி நிழல் பத்து மணிக்கும் மீதி பதினொரு மணிக்கும் சேர்ந்த படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. நீங்கள் நிழலில் உட்காருங்கள். டேப்லெட் வெயிலில் சூடானால் திரையைத் தானாக மங்கவைத்துவிடும், நீங்கள் அதற்கு ஈடாக நிறங்களை ஏற்றிவிடுவீர்கள், வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் கண்ணைப் பறிக்கும். தானியங்கி வெளிச்சத்தை அணைத்து ஒரே அளவில் வையுங்கள்.

போட்டோ எடுத்து அதன்மேல் கோடு போடுவது தவறில்லை. ஆனால் போனின் அகலக் கேமராவில் ஓரத் தூண்கள் சாயும், பக்கத்துத் தூண் பூதமாகத் தெரியும். பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், போனை முன்னும் பின்னும் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள்.

தரை பாக்கி இருக்கிறதா? நீங்கள் செய்த கல்லை இங்கே கொண்டுவந்து பதியுங்கள். நான்கு கல் படத்தைப் பலமுறை அடுக்கி, டிரான்ஸ்ஃபார்மில் டிஸ்டார்ட் அல்லது பெர்ஸ்பெக்டிவ் என்றிருப்பதைத் தேர்ந்து, மேல் இரண்டு மூலைகளையும் கைடு கோட்டோடு ஒட்டி உள்ளே இழுத்தால் தரை படுத்துவிடும். தூரத்தில் பூக்கள் நொய்ந்து கலங்கினால் விட்டுவிடுங்கள், கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் பிரித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. இன்னும் நிற்கும் ஒரு வளவைத் தேதி, ஊர், எந்தத் திசையில் உட்கார்ந்து வரைந்தது என்ற குறிப்போடு வரைந்து வைத்தால் அது பயிற்சியோடு பதிவும் ஆகும். சுமாராக வந்த படமானாலும் குறிப்பை எழுதிவையுங்கள்.

எந்தப் பக்கம் போவது

நான்கும் முடிந்தபின் வந்த படங்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். எதை வரையும்போது திருத்தித் திருத்திப் போட அலுக்கவில்லை என்று பாருங்கள். கோலத்தில் நேரம் போனது தெரியவில்லை என்றால் கோட்டோவியம், எழுத்துரு, டாட்டூ டிசைன் பக்கம் போகலாம். கல் பிடித்தவர்களுக்குத் துணி, தரை, பொட்டல உறை டிசைன்கள். கிரிட்டாவின் ராப் அரவுண்ட் வசதியை அவர்கள் அடுத்ததாகப் பழக வேண்டும், ஓரம் தெரியாமல் தொடரும் டிசைன் அதில் கண்ணெதிரே விரியும். வளவு பிடித்தவர்கள் சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. தொனியைத் தாளில் பழகியவர்களின் கை திரையிலும் சீக்கிரம் திருந்துகிறது.

சேமிப்பும் அச்சும்

செயலியை நீக்கினால் அதற்குள் இருக்கும் படங்களும் போய்விடும். புரோகிரியேட், ஐபிஸ்பெயிண்ட் இரண்டிலும் இதே கதிதான். இடம் போதவில்லை என்று ஒருநாள் அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் காலரி காலியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் லேயர்களோடு பிஎஸ்டி கோப்பாக ஒன்று, பார்ப்பதற்குப் பிஎன்ஜி ஒன்று என வெளியே எடுத்து, டிரைவிலோ பென்டிரைவிலோ வையுங்கள். ஜேபிஜியில் மட்டும் எடுத்து வைத்தால் லேயர்கள் எல்லாம் போய்விடும். தட்டையான நிறங்களின் ஓரத்தில் அழுக்குப் புள்ளிகளும் சேரும், கல் டிசைனில் அது நன்றாகவே தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, மைக்கு எட்டாத நிறங்கள் சில உண்டு. காவி, கடுகு, கறுப்பு அவ்வளவாக மாறாது. பெரிதாக எடுப்பதற்கு முன் 4க்கு 6 அங்குலத்தில், அதாவது 1200க்கு 1800 பிக்சலில், படத்தின் ஒரு பகுதியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது பிக்சலைக் குறைத்துவிடும். டாகுமென்ட் என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள், கடைக்காரரிடம் "அளவு மாத்தாம, நூறு சதவீதத்துல எடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துக்குப் பொருத்தும் வசதி பிரிண்டரில் போட்டிருந்தால் 8 அங்குலக் கல் ஏழே முக்கால் அங்குலமாக வந்து நிற்கும்.